‘ரன்னிங்’ என்று காட்டினால் போதுமா? விஎம் பூட் ஆகி முடிந்ததைக் கண்டுபிடிக்கும் வழி

என் பேக்கப் ஸ்கிரிப்டில் ரொம்ப நாளாக ஒரு வரி இருந்தது: ஸ்லீப் 45. விஎம்மை (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டர்) ஸ்டார்ட் செய், 45 விநாடி சும்மா இரு, அப்புறம் உள்ளே போய் டேட்டாபேஸை பேக்கப் எடு. ஏன் 45 என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. முதலில் 30 வைத்திருந்தேன், ஒருநாள் பத்தவில்லை, 15 கூட்டினேன், அவ்வளவுதான் கணக்கு.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததே, அந்த நாட்களில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் வேலை பார்க்கும் மாடி அறையில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. யூபிஎஸ் பேட்டரி எவ்வளவு நேரம்தான் தாங்கும். ஒரு தடவை கரண்ட் திரும்பியபோது டெஸ்க்டாப் தானாக ஆன் ஆகி, அதன் மேல் இருந்த நான்கு விஎம்மும் ஒரே நேரத்தில் எழப் பார்த்தன, நான்கும் இருப்பது ஒரே பழைய ஹார்ட் டிஸ்க்கில். ஸ்கிரிப்ட் தன் பாட்டுக்கு 45 விநாடியை எண்ணி முடித்து, உள்ளே போய், பேக்கப் எடுத்து, ‘சக்சஸ்’ என்று லாகில் எழுதிவிட்டுப் போய்விட்டது. மூன்று நாள் கழித்து யதேச்சையாகப் பார்த்தால் அந்த பேக்கப் கோப்பின் அளவு 20 பைட். ஒன்றுமே இல்லாததை ஜிஜிப் செய்தால் வரும் அளவு அது.

நடந்தது இதுதான். எஸ்எஸ்எச் (வெளியிலிருந்து உள்ளே நுழைந்து கட்டளை ஓட்ட உதவும் சர்வீஸ்) எழுந்துவிட்டது, அதனால் ஸ்கிரிப்ட் உள்ளே போக முடிந்தது. ஆனால் திடீரென்று கரண்ட் போனதால் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் தன் பழைய லாகை ஓட்டி டேட்டாவைச் சரிசெய்துகொண்டிருந்தது, “டேட்டாபேஸ் இன்னும் ஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கிறது” என்று, டேட்டாவை வெளியே எடுக்கும் டம்ப் கட்டளையைத் திருப்பி அனுப்பிவிட்டது. டம்ப்பின் வெளியீட்டைப் பைப் வழியாக ஜிஜிப்புக்குக் கொடுத்திருந்தேன். ஜிஜிப்புக்கு எந்தக் குறையும் இல்லை, காலியாக வந்ததை அழகாகச் சுருக்கி மூடிவைத்தது. பைப்பில் கடைசிக் கட்டளை நல்லபடியாக முடிந்தால் முழுவதும் நல்லபடியாக முடிந்ததாகத்தான் ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் கணக்கெடுக்கும், ‘செட் -ஓ பைப்ஃபெயில்’ போடாதவரை. தப்பு முழுக்க என்னுடையது.

அதற்குப் பிறகு உட்கார்ந்து ஒழுங்காகக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன், விஎம் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்காக. நான் அதிகம் புழங்குவது லினக்ஸில் விஎம்களை ஓட்டும் கேவிஎம், அவற்றை ‘விர்ஷ்’ கட்டளையால் நிர்வகிக்கும் லிப்வர்ட். மற்றவற்றையும் போகிற போக்கில் சொல்கிறேன். கீழே ஹோஸ்ட் என்றால் விஎம்மை ஓட்டும் நிஜ கம்ப்யூட்டர், கெஸ்ட் என்றால் விஎம்முக்குள் ஓடும் சிஸ்டம். கட்டளைகளையெல்லாம் வாயால் சொல்வதுபோலத் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள், நடுவில் வரும் கோடும் புள்ளியும் சாய்கோடும் இருக்கிறபடியே.

படி 1: எதற்காகக் காத்திருக்கிறோம் என்று எழுதிவையுங்கள்

எங்கள் தெருமுனை டீக்கடையில் விடியற்காலை ஷட்டர் தூக்கியிருக்கும், லைட் எரியும், கடைக்காரர் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார். கடை திறந்தாச்சா என்று கேட்டால் திறந்தாச்சுதான், ஆனால் பால் இன்னும் காயவில்லை. பேப்பர் கட்டை உள்ளே போட்டுவிட்டுப் போகிற பையனுக்கு ஷட்டர் தூக்கினால் போதும். எனக்குப் பால் காயவேண்டும்.

விஎம்மும் அப்படித்தான். பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ ஓடும், க்ரப் வரும், கெர்னல் ஏறும், இனிட்ராம்எஃப்எஸ் டிஸ்க்கைத் தேடிப் பிடிக்கும், சிஸ்டம்டி வந்து சர்வீஸ்களை ஒவ்வொன்றாகவும் கூட்டமாகவும் கிளப்பும், இதற்கு நடுவில் எங்கேயோ நெட்வொர்க் கிடைக்கும், லாகின் கேட்கும் வரி வரும், கிளவுட் இமேஜ் (தயாராகக் கிடைக்கும் டிஸ்க் கோப்பு) என்றால் கிளவுட்-இனிட் தன் வேலையைத் தொடங்கும், கடைசியாக உங்கள் அப்ளிகேஷன். ‘பூட் முடிந்தது’ என்று இதில் எந்த இடத்திலும் ஒரு மணி அடிக்காது. அன்சிபிள் (பல மெஷின்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவி) ஓட்டப்போகிறீர்கள் என்றால் எஸ்எஸ்எச்சும் பைத்தானும் வேண்டும். பேக்கப் என்றால் டேட்டாபேஸ் பதில் சொல்லவேண்டும். திரையை வைத்து டெஸ்ட் செய்கிறீர்கள் என்றால் டெஸ்க்டாப் வரை வரவேண்டும். உங்களுக்கு எது வேண்டும் என்பதை ஸ்கிரிப்டின் முதல் வரியில் கமெண்டாக எழுதிவிடுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

படி 2: வெளியே நின்று பார்த்தால் தெரிவது கொஞ்சம்தான்

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், புதுச்சேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர், முதல் வாரமே கேட்டார்: “அண்ணா, விர்ஷ் லிஸ்ட்ல ரன்னிங்னு காட்டுது, ஆனா எஸ்எஸ்எச் போக மாட்டேங்குதே?” எல்லோரும் முதலில் இங்கேதான் விழுவார்கள். ‘விர்ஷ் லிஸ்ட்’, ‘விர்ஷ் டொம்ஸ்டேட்’ இரண்டும் சொல்வது விஎம்மை ஓட்டும் கியூஎம்யு என்ற புரோகிராம் ஓடுகிறது, அதன் மெய்நிகர் சிபியு நிறுத்திவைக்கப்படவில்லை என்பதை மட்டும்தான். சந்தேகம் இருந்தால் டிஸ்க்கே இல்லாத ஒரு விஎம்மை உருவாக்கி ஸ்டார்ட் செய்து பாருங்கள். திரையில் பூட் செய்ய எதுவும் கிடைக்கவில்லை என்ற வரியோடு கறுப்பாக நிற்கும், லிஸ்ட்டில் நாள் முழுக்க ‘ரன்னிங்’ என்றுதான் இருக்கும். விர்ச்சுவல்பாக்ஸில் ‘ஷோவிஎம்இன்ஃபோ’ காட்டும் நிலையும் இதே கதைதான்.

சிபியு பயன்பாடு கீழே இறங்கினால் பூட் முடிந்தது என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. நெட்வொர்க்குக்காகக் காத்துக்கிடக்கும் விஎம்மும் சிபியுவைத் தொடாமல்தான் கிடக்கும், அதனால் அந்த வழியை விட்டுவிடுங்கள்.

பிங் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் பிங்குக்குப் பதில் சொல்வது கெர்னல், இன்டர்ஃபேஸுக்கு ஐபி கிடைத்த உடனேயே பதில் வரும், அப்போது மேலே ஒரு சர்வீஸும் எழுந்திருக்காமல் இருக்கலாம். டிஎச்சிபி (ஐபி முகவரி கொடுக்கும் சர்வீஸ்) பட்டியலைப் பார்ப்பது இன்னொரு வழி. ‘விர்ஷ் டொம்இஃப்அட்ர்’ என்று விஎம் பெயரோடு அடித்தால் லிப்வர்ட்டின் வழக்கமான நெட்வொர்க்கில் 192.168.122 என்று தொடங்கும் முகவரி கிடைக்கும். முகவரி தெரிந்துகொள்ள இது நல்ல வழி, பூட் முடிந்ததா என்று தெரிந்துகொள்ள அல்ல. போன தடவை ஓடியபோது வாங்கிய முகவரியே கெடு தீராமல் பட்டியலில் உட்கார்ந்திருக்கும், நீங்கள் புதிது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

படி 3: போர்ட் 22-ஐத் தட்டுவது, அதில் உள்ள மூன்று குழிகள்

பெரும்பாலான ஆட்கள் வந்து நிற்கும் இடம் இது. ‘என்சி -இசட்’ என்று எஸ்எஸ்எச்சின் போர்ட்டைத் தட்டிப் பார்க்கிறோம், திறந்திருந்தால் பூட் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். மூன்று இடத்தில் இது காலை வாரும்.

ஒன்று, போர்ட் ஃபார்வர்டிங். கியூஎம்யுவின் யூசர் நெட்வொர்க்கிலோ விர்ச்சுவல்பாக்ஸின் நாட் நெட்வொர்க்கிலோ ஹோஸ்ட்டின் 2222-ஐ கெஸ்ட்டின் 22-க்குத் திருப்பிவிட்டிருப்பீர்கள். அந்த 2222-இல் காது வைத்திருப்பது கெஸ்ட் இல்லை, ஹோஸ்ட்டில் ஓடும் விஎம் புரோகிராம். அது எடுத்த எடுப்பிலேயே கனெக்‌ஷனை வாங்கிக்கொள்ளும், கெஸ்ட் இன்னும் க்ரப் மெனுவில் நின்றுகொண்டிருந்தாலும். நீங்கள் போர்ட் திறந்துவிட்டது என்று சந்தோஷப்படுவீர்கள். உண்மையான எஸ்எஸ்எச் சர்வர் எழுந்திருந்தால் இணைந்தவுடன் ‘எஸ்எஸ்எச்-2.0’ என்று தொடங்கும் ஒரு வரியை அதுவே முதலில் அனுப்பும். அந்த வரி வருகிறதா என்று பாருங்கள், போர்ட்டை மட்டும் பார்க்காதீர்கள்.

இரண்டு, அந்த வரி வந்தாலும் உள்ளே விடாமல் இருக்கலாம். சிஸ்டம்டி பூட் ஆகும்போது ‘/ரன்/நோலாகின்’ என்று ஒரு கோப்பை வைத்திருக்கும், அது இருக்கும்வரை ரூட் தவிர வேறு யாரும் நுழைய முடியாது. “சிஸ்டம் பூட் ஆகிக்கொண்டிருக்கிறது, பிறகு வாருங்கள்” என்கிற பொருளில் ஒரு செய்தி வரும். பாஸ்வேர்டு தப்போ சாவி தப்போ என்று அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், கொஞ்ச நேரத்தில் ‘சிஸ்டம்டி-யூசர்-செஷன்ஸ்’ என்ற சர்வீஸ் வந்து அந்தக் கோப்பை எடுத்துவிடும்.

மூன்று, பழைய ஹோஸ்ட் சாவி. விஎம்மை அழித்து அதே ஐபியில் புதிதாகக் கட்டியிருப்பீர்கள். சாவி மாறிவிட்டது என்று எஸ்எஸ்எச் மறுக்கும், உங்கள் லூப் அந்த மறுப்பை ‘இன்னும் பூட் ஆகவில்லை’ என்று புரிந்துகொண்டு கடைசிவரை சுற்றும். ஒரு மணி நேரம் இதில் போயிருக்கிறது எனக்கு. பிழைச் செய்தியை டெவ்-நல் என்ற குப்பைத்தொட்டிக்குத் தள்ளிவிட்டிருந்தேன், அப்புறம் எங்கே தெரியும்.

ஆகவே போர்ட்டைத் தட்டாமல் நிஜமாகவே உள்ளே போய் ஒரு கட்டளை ஓட்டுங்கள், ஒன்றும் செய்யாத ‘ட்ரூ’ கட்டளையே போதும். எஸ்எஸ்எச்சுக்கு ‘-ஓ பேட்ச்மோட்=யெஸ்’ கொடுத்தால் பாஸ்வேர்டு கேட்டு நிற்காது, ‘-ஓ கனெக்ட்டைம்அவுட்=5’ கொடுத்தால் ஒரே முயற்சியில் தொங்காது. அதற்கும் மேல் முன்னால் ‘டைம்அவுட் 10’ என்று சேர்த்துவிடுவது என் பழக்கம். 10 விநாடியில் முடியாத கட்டளையை அது கொன்றுவிட்டு 124 என்ற எண்ணோடு திரும்பும்.

லூப் இப்படி இருக்கும், தமிழிலேயே எழுதுகிறேன், பாஷில் நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்:

கெடு = இப்போதைய நேரம் + 300 விநாடி
கெடு தாண்டும்வரை திரும்பத் திரும்ப:
    விஎம் நிலை ‘ரன்னிங்’ இல்லையென்றால், நிலையை லாகில் எழுதி, எண் 2-உடன் வெளியேறு
    எஸ்எஸ்எச் வழியாக ‘ட்ரூ’ ஓடிவிட்டால், அடுத்த படிக்குப் போ
    கடைசிப் பிழைச் செய்தியை எடுத்துவை
    2 விநாடி நில்
கெடு தாண்டிவிட்டால், எடுத்துவைத்த பிழையை லாகில் எழுதி, எண் 3-உடன் வெளியேறு

இதில் இரண்டைக் கவனியுங்கள். எத்தனை சுற்று என்று எண்ணாமல் கடிகாரத்தைப் பார்க்கிறோம், ஏனென்றால் ஒவ்வொரு முயற்சியும் 2 விநாடியும் எடுக்கலாம், 12 விநாடியும் எடுக்கலாம். இன்னொன்று, ஒவ்வொரு சுற்றிலும் விஎம் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. ஹோஸ்ட்டின் டிஸ்க் நிரம்பிவிட்டால் லிப்வர்ட் அந்த விஎம்மை ‘பாஸ்ட்’ என்று நிறுத்திவைத்துவிடும், அதற்காக ஐந்து நிமிடம் காத்திருந்து ஒரு பிரயோஜனமும் இல்லை, உடனே தெரிந்தால் போய் இடம் காலி செய்யலாம். 300 விநாடி என்பதை நான் விஎம்களைக் கட்டித்தரும் வேக்ரன்டிலிருந்து எடுத்தேன், அதன் பூட் கெடு வழக்கமாக அவ்வளவுதான்.

படி 4: சிஸ்டம்டியிடமே கேளுங்கள்

உள்ளே நுழைய முடிந்தால் இனி ஊகிக்கத் தேவையில்லை. எஸ்எஸ்எச் வழியாக இதை ஓட்டுங்கள்: ‘சிஸ்டம்சிடிஎல் இஸ்-சிஸ்டம்-ரன்னிங் --வெயிட்’. பூட் வரிசையில் உள்ள வேலைகளெல்லாம் முடியும்வரை அது அப்படியே நிற்கும், முடிந்ததும் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத் திரும்பும். 2018 கடைசியில் வந்த சிஸ்டம்டி 240-இலிருந்து இந்த ‘--வெயிட்’ இங்கே வேலை செய்கிறது, அதற்கும் பழைய கெஸ்ட் என்றால் அதில்லாமல் ஓட்டி, ‘இனிஷியலைசிங்’, ‘ஸ்டார்ட்டிங்’ என்று வரும்வரை நீங்களே சுற்றவேண்டும்.

திரும்பி வரும் சொல் ‘ரன்னிங்’ என்றால் நிம்மதி. ‘டிகிரேடட்’ என்றும் வரலாம், அப்போதுதான் புதியவர்கள் பயந்துவிடுகிறார்கள். பூட் முடிந்துவிட்டது, ஆனால் ஒரு சர்வீஸாவது தோற்றுவிட்டது என்று அர்த்தம். வெளியேறும் எண் பூஜ்யமாக இருக்காது, அதனால் எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட் இதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும். சொல்லைப் படித்து முடிவெடுங்கள். எது தோற்றது என்று ‘சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட்’ காட்டும். எவனோ ஒரு பிரிண்டர் சர்வீஸ் தோற்றதற்காக உங்கள் பேக்கப்பை நிறுத்தவேண்டுமா என்பது உங்கள் முடிவு, நான் லாகில் எழுதிவிட்டு மேலே போய்விடுவேன்.

ஒரு நிஜ உதாரணம் சொல்கிறேன். ஒரு விஎம்முக்கு இரண்டாவது நெட்வொர்க் கார்டு சேர்த்தோம், சோதனைக்காக, அதற்குக் கேபிளும் இல்லை முகவரியும் இல்லை என்ற நிலை. அன்றிலிருந்து அந்த விஎம் எழுவதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது, எழுந்ததும் ‘டிகிரேடட்’. கன்சோலைத் திறந்து பார்த்தால் நெட்வொர்க் தயாராவதற்குக் காத்திருப்பதாக ஒரு வரி, பக்கத்தில் விநாடி ஓடிக்கொண்டே இருக்கிறது. ‘சிஸ்டம்டி-நெட்வொர்க்டி-வெயிட்-ஆன்லைன்’ என்ற சர்வீஸ் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட எல்லா கார்டும் தயாராகவேண்டும் என்று நிற்கும், வழக்கமான கெடு 120 விநாடி, அதற்குள் ஆகவில்லையென்றால் தோற்றதாக எழுதிவிட்டு மற்றவர்களுக்கு வழிவிடும். நெட்பிளான் கோப்பில் அந்தக் கார்டுக்கு ‘ஆப்ஷனல்: ட்ரூ’ என்று ஒரு வரி சேர்த்தோம், தீர்ந்தது. பூட் ஏன் இழுக்கிறது என்று பார்க்க ‘சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்’ உதவும். பூட் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தால் ‘சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-ஜாப்ஸ்’ எந்த வேலை ஓடிக்கொண்டிருக்கிறது, எது காத்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும்.

ஜாக்கிரதை ஒன்று: இந்த ‘--வெயிட்’ கட்டளையைக் கெஸ்ட்டுக்குள்ளேயே, பூட்டில் ஓடும் ஒரு ஒன்ஷாட் (ஒருமுறை ஓடி முடியும்) சர்வீஸுக்குள் வைத்துவிடாதீர்கள். பூட் முடியட்டும் என்று அந்த சர்வீஸ் காத்திருக்கும், அந்த சர்வீஸ் முடியட்டும் என்று பூட் காத்திருக்கும். நீ முதலில் போ, நான் அப்புறம் வருகிறேன் என்று இரண்டும் வாசலிலேயே நிற்கும்.

படி 5: எஸ்எஸ்எச் இல்லாத இடத்தில் கெஸ்ட் ஏஜென்ட்

நெட்வொர்க்கே இல்லாத விஎம், அல்லது வாடிக்கையாளரின் விஎம், சாவி கொடுக்கமாட்டார்கள் என்றால் கெஸ்ட் ஏஜென்ட்தான் வழி. கெஸ்ட்டுக்குள் ‘கியூஎம்யு-கெஸ்ட்-ஏஜென்ட்’ என்ற பேக்கேஜை நிறுவவேண்டும், விஎம்மின் எக்ஸ்எம்எல்லில் ‘ஓஆர்ஜி.கியூஎம்யு.கெஸ்ட்_ஏஜென்ட்.0’ என்ற பெயரில் ஒரு சேனல் இருக்கவேண்டும். விர்ட்-மேனேஜரில் லினக்ஸ் விஎம் உருவாக்கினால் பெரும்பாலும் சேனல் ஏற்கெனவே இருக்கும், இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சுவார்த்தை நெட்வொர்க் வழியாகப் போவதில்லை, விர்ட்டியோ சீரியல் என்ற தனிக் குழாய் வழியாகப் போகிறது.

‘விர்ஷ் கியூஎம்யு-ஏஜென்ட்-கமாண்ட்’ என்று விஎம் பெயரைக் கொடுத்து, பின்னால் ‘எக்ஸிக்யூட்’ என்பதற்கு ‘கெஸ்ட்-பிங்’ என்று மதிப்புக் கொடுத்த குட்டி ஜேசன் வரியை ஒற்றை மேற்கோளுக்குள் அனுப்புங்கள். ஏஜென்ட் எழுந்திருந்தால் காலியான ‘ரிட்டர்ன்’ வரும், இல்லையென்றால் ஏஜென்ட் இணைக்கப்படவில்லை என்று பிழை வரும். படி 3-இல் உள்ள லூப்பில் எஸ்எஸ்எச் வரிக்குப் பதிலாக இதைப் போட்டால் ஆச்சு.

ஆனால் ஏஜென்ட் எழுந்தது என்றால் ஏஜென்ட் எழுந்தது, அவ்வளவுதான். அதுவும் பத்தோடு பதினொன்றாக வரும் ஒரு சர்வீஸ், மற்றவை பின்னால் வந்துகொண்டிருக்கலாம். ஏஜென்டின் ‘கெஸ்ட்-எக்ஸெக்’ வழியாகப் படி 4-இன் கட்டளையை உள்ளே ஓட்டலாம், ஆனால் ரெட் ஹேட் குடும்பத்து லினக்ஸ்களில் பாதுகாப்புக்காக அதை முடக்கியே கொடுக்கிறார்கள், திறப்பதற்கு முன் யோசியுங்கள்.

மற்ற ஹைப்பர்வைசர்களிலும் (விஎம்களை ஓட்டும் மென்பொருள்கள்) இதே யோசனைதான், பெயர்தான் வேறு. விர்ச்சுவல்பாக்ஸில் கெஸ்ட் அடிஷன்ஸ் இருந்தால் ‘விபாக்ஸ்மேனேஜ் கெஸ்ட்பிராப்பர்ட்டி வெயிட்’ கட்டளை ஒரு குறிப்பிட்ட மதிப்பு மாறும்வரை நிற்கும், ‘/விர்ச்சுவல்பாக்ஸ்/கெஸ்ட்இன்ஃபோ/நெட்/0/வி4/ஐபி’ என்ற பெயரைக் கொடுத்தால் முகவரி கிடைத்ததும் திரும்பும் (பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்த்து அடிக்கவேண்டும்). நாட் நெட்வொர்க்கில் இருந்தால் 10.0.2.15 என்று வரும், அந்த முகவரிக்கு ஹோஸ்ட்டிலிருந்து போக முடியாது, அடையாளத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனில் ‘விஎம்ரன் செக்டூல்ஸ்ஸ்டேட்’. ஹைப்பர்-வி என்றால் பவர்ஷெல்லில் ‘வெயிட்-விஎம்’ கட்டளைக்கு ‘-ஃபார் ஹார்ட்பீட்’ கொடுத்தால் போதும், விண்டோஸ்காரர்கள் இதில் கொடுத்துவைத்தவர்கள்.

படி 6: கிளவுட் இமேஜ் என்றால் இன்னும் ஒரு வாசல்

உபுண்டு, டெபியன் தரும் கிளவுட் இமேஜை இறக்கி விஎம் கட்டுகிறவர்களுக்கு இது. முதல் பூட்டில் கிளவுட்-இனிட் பயனரை உருவாக்கும், சாவியைப் போடும், பேக்கேஜ்களை நிறுவும். எஸ்எஸ்எச் இதில் பாதியிலேயே திறந்துவிடும். நீங்கள் உள்ளே போய் ‘ஏபிடி இன்ஸ்டால்’ அடித்தால் டிபிகேஜி பூட்டு கிடைக்கவில்லை என்று பிழை வரும், ஏனென்றால் கிளவுட்-இனிட் உள்ளே அதே வேலையில் இருக்கிறது. அந்தப் பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

‘கிளவுட்-இனிட் ஸ்டேட்டஸ் --வெயிட்’ என்று ஓட்டுங்கள், முடியும்வரை நிற்கும். 0 என்றால் நல்லபடியாக முடிந்தது, 1 என்றால் பெரிய பிழை, புதிய பதிப்புகளில் 2 என்றும் வரும், அது சமாளித்துக்கொண்ட சின்னப் பிழை. முடிந்ததற்கு அடையாளமாக ‘/வார்/லிப்/கிளவுட்/இன்ஸ்டன்ஸ்/பூட்-ஃபினிஷ்ட்’ என்ற கோப்பும் உருவாகும்.

படி 7: கெஸ்ட்டே கூப்பிட்டுச் சொல்லட்டும்

இதுவரை நாம் போய்ப் போய்க் கதவைத் தட்டினோம். கெஸ்ட் உங்கள் கையில் இருந்தால், முடிந்ததும் அதுவே சொல்லும்படி வைக்கலாம். எளிய வழி சீரியல் போர்ட். கெஸ்ட்டில் கடைசியாக ஓடும் சின்ன சர்வீஸ் ஒன்று ‘/டெவ்/டிடிஒய்எஸ்0’-க்கு ஒரு வரி எழுதட்டும், ஹோஸ்ட்டில் அந்த சீரியல் போர்ட்டை ஒரு கோப்பாகச் சேமிக்கச் சொல்லிவிட்டு அந்த வரி வருகிறதா என்று பார்த்தால் போதும், நெட்வொர்க், சாவி, ஏஜென்ட் எதுவும் வேண்டாம். லாகின் வரியைத் தேடுவதைவிட உங்களுக்கென்று ஒரு தனிச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். லாகின் வரி வந்த பிறகும் பின்னால் சர்வீஸ்கள் எழுந்துகொண்டிருக்கும். நாள், நேரத்தையும் சேர்த்து எழுதினால் பழைய வரியைப் புதிதாக நினைக்கும் ஆபத்தும் இல்லை. புதிய சிஸ்டம்டி பதிப்புகளில் ஹோஸ்ட்டும் கெஸ்ட்டும் நேரடியாகப் பேசும் விசாக் வழியாக ‘ரெடி=1’ என்று ஹோஸ்ட்டுக்கு அனுப்பும் வசதியே உள்ளே இருக்கிறது, ‘விஎம்எம்.நோட்டிஃபை_சாக்கெட்’ என்ற பெயரில் தேடிப் பாருங்கள்.

படி 8: கடைசியாக, உங்களுக்கு வேண்டியவரிடம்

என் 20 பைட் கோப்புக்கு மேலே சொன்ன எதுவுமே முழு மருந்து இல்லை. எனக்கு வேண்டியது போஸ்ட்கிரெஸ், அதனிடம்தான் கேட்கவேண்டும். ‘பிஜி_இஸ்ரெடி’ என்ற கட்டளை அதனுடனேயே வருகிறது: 0 என்றால் கனெக்‌ஷன் வாங்கத் தயார், 1 என்றால் ஆள் இருக்கிறார் ஆனால் இப்போது முடியாது என்கிறார் (அன்று நடந்தது இதுதான்), 2 என்றால் பதிலே இல்லை. படி 3-இன் லூப் மாதிரியே இதையும் கெடு வைத்துச் சுற்றவேண்டும்: 1 வந்தால் பொறுமையாகக் காத்திருக்கலாம், கரண்ட் போய் வந்த பிறகு லாகை ஓட்டி முடிக்க நேரம் எடுக்கும். 2 தொடர்ந்து வந்தால் போய்ப் பார்க்கவேண்டும். வெப் சர்வர் என்றால் ‘கர்ல் -எஃப்’ கொண்டு ஒரு நிஜப் பக்கத்தைக் கேளுங்கள்.

ரீபூட் செய்தால் மட்டும் ஒரு விசேஷம்

ஓடிக்கொண்டிருக்கும் விஎம்முக்கு ரீபூட் கொடுத்துவிட்டு உடனே மேலே சொன்ன லூப்பை ஓட்டினால் முதல் சுற்றிலேயே வெற்றி என்று சொல்லும். எவ்வளவு வேகமாக எழுந்துவிட்டது என்று ஆச்சரியப்படவேண்டாம், அது இன்னும் படுக்கவே இல்லை. ரீபூட்டுக்கு முன்னால் ‘/ப்ராக்/சிஸ்/கெர்னல்/ரேண்டம்/பூட்_ஐடி’ கோப்பைப் படித்து எடுத்துவையுங்கள். ஒவ்வொரு பூட்டுக்கும் கெர்னல் அதில் புது எண் போடும். அப்புறம் லூப்பில் அந்த எண் மாறியிருந்தால் மட்டும் வெற்றி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதியதை மழைக்கு முன்பே சோதியுங்கள்

எல்லாம் நன்றாக இருக்கும் நாளில் ஓட்டிப் பார்ப்பது சோதனை இல்லை. கெஸ்ட்டில் 90 விநாடி தூங்கும் ஒன்ஷாட் சர்வீஸ் ஒன்றைப் பூட்டில் சேர்த்து ஓட்டுங்கள், ஸ்கிரிப்ட் அந்த 90 விநாடியும் காத்திருக்கவேண்டும். பூட் நடுவில் ‘விர்ஷ் டெஸ்ட்ராய்’ அடியுங்கள் (பெயர்தான் பயங்கரம், பிளக்கைப் பிடுங்குவது போலத்தான், விஎம் அழியாது, ஆனாலும் சோதனை விஎம்மில் மட்டும் செய்யுங்கள்), ஐந்து நிமிடம் இழுக்காமல் உடனே எண் 2-உடன் வெளியே வரவேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸை டிசேபிள் செய்துவிட்டு ஓட்டுங்கள், கெடு முடிந்து எண் 3 வரவேண்டும், லாகில் காரணம் இருக்கவேண்டும், பேக்கப் போல்டரில் புதுக் கோப்பு எதுவும் இருக்கக்கூடாது. நான் கடைசிச் சோதனையை ஓட்டியபோது மறுபடியும் ஒரு 20 பைட் கோப்பு வந்து விழுந்தது. லூப் ஒழுங்காக எண் 3-உடன் திரும்பியிருந்தது, அதைக் கூப்பிட்ட மெயின் ஸ்கிரிப்டில் அந்த எண்ணைப் பார்க்கும் வரியை எழுத மறந்திருந்தேன்.